தேன்சிட்டுக்கென்று வாங்கிய சிவப்புக் குப்பி

தேன்சிட்டுக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைக்கிற இந்தக் குப்பிக்கு நூற்றுக்கு 31 போடுகிறேன். 35 எடுத்தால்தான் பாஸ். விடை தப்பாக இருந்தாலும் வழிமுறைக்கு மதிப்பெண் கொடுத்தே 34 வருடம் கணக்குப் பேப்பர் திருத்திய கை இது. இல்லையென்றால் இவ்வளவும் வந்திராது. இணையக் கடையில் மதிப்பெண் கேட்பதில்லை, நட்சத்திரம்தான் கேட்கிறார்கள். ஐந்துக்கு ஒன்றரை போட வழியில்லாததால் இரண்டைத் தொட்டுவிட்டு வந்தேன். அந்த அரை நட்சத்திரம் ஒரு சிலந்திக்குச் சேர வேண்டியது. அந்தக் கதை பின்னால் வருகிறது.

பொருள் இதுதான். தெளிவான கெட்டிப் பிளாஸ்டிக்கில் ஒரு பாட்டில். சர்க்கரைத் தண்ணீரை நிரப்பித் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். அடியில் ரத்தச் சிவப்பில் ஒரு தட்டு. தட்டின் மேல் மஞ்சள் நிறத்தில் நான்கு பிளாஸ்டிக் பூக்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் கடுகு போகிற அளவு ஓட்டை. கொள்ளளவு 450 மில்லி. விலை 649 ரூபாய். 'தேன்சிட்டுகள் உங்கள் தோட்டத்துக்குத் தேடி வரும்' என்று விற்பனைப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். விற்றவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே அச்சில் வார்த்ததைப் பத்துப் பேர் பத்துப் பெயரில் விற்கிறார்கள்.

நான் இதை வாங்கியது பறவைக்குப் பசியாற்ற அல்ல. என் கொல்லையில் அதற்குச் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. படம் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக் கொல்லை 22 அடிக்கு 18 அடி. ஒரு செம்பருத்தி, ஒரு கறிவேப்பிலை, இரண்டு வாழை, சுவரோரம் இட்லிப்பூச் செடி. பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்காக வருடாவருடம் அங்கே நின்று 15 நிமிடம் எண்ணி, இ-பேர்டு என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றுவது என் வழக்கம். இந்த முறை பட்டியலில் முதலில் எழுதியதும் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டுதான், கடைசியாகக் குரல் கொடுத்ததும் அதுதான். ஆனால் இரண்டு வருடமாக அந்த ஆணின் முகத்தை ஒழுங்காகப் படம் பிடிக்க முடியவில்லை. செம்பருத்தியில் உட்கார்ந்துவிட்டது என்று கேமராவைத் தூக்கினால் அடுத்த வீட்டு முருங்கையில் இருந்து 'சிச்சீ, சிச்சீ' என்று கேட்கும். என் கணினியில் வெறும் கிளைகளின் படம் மட்டும் முந்நூறுக்கு மேல் இருக்கிறது.

கட்டைவிரல் நீளத்துக்குச் சற்றுக் கூடுதலான பறவை அது. அலகையும் வாலையும் சேர்த்து அளந்தாலே பத்து சென்டிமீட்டர். எடை பத்து கிராம் வந்தால் அதிகம். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வரும்படி செய்துவிட்டால், அந்த இடத்துக்கு முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துக்கொண்டு காத்திருக்கலாம் என்று கணக்குப் போட்டேன். குப்பி வாங்கியதன் காரணம் அதுதான். கணக்கு சரி. கொடுக்கப்பட்டவை தப்பு.

பார்சலைப் பிரித்ததும் பேத்தி பெட்டியில் இருந்த படத்தைக் காட்டி, "ஆச்சி, இது நம் பறவை இல்லையே" என்றாள். பதினொரு வயது. அவளுக்கு இருந்த கண் எனக்கு இல்லை. அட்டையில் இருந்தது ஹம்மிங் பறவை. தமிழில் ஓசனிச்சிட்டு என்று எழுதுகிறார்கள். அமெரிக்கக் கண்டங்களைத் தவிர உலகில் வேறெங்கும் காட்டில் பார்க்க முடியாத குடும்பம். தேன்சிட்டுகளோ ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் ஆஸ்திரேலியாவின் வடகோடியிலும் இருப்பவை. இரண்டும் பூவில் தேன் குடிக்கும், இரண்டும் மினுமினுக்கும், இரண்டுக்கும் உறவு கிடையாது. ஒரே ஊருக்குப் போகிற இரண்டு பஸ் மாதிரி. புறப்பட்ட இடம் வேறு.

இந்த வித்தியாசம் குப்பியில் உடனே தெரிந்துவிடும். ஹம்மிங் பறவை நொடிக்கு ஐம்பது தடவை இறக்கையடித்துக்கொண்டு அந்தரத்தில் நின்றே குடிக்கும். அதற்கு உட்காரக் கிளை தேவையில்லை. தேன்சிட்டும் ஓரிரு நொடி அந்தரத்தில் நிற்கும், ஆனால் அது அவசரத்துக்குத்தான். இருக்க இடம் கிடைத்தால் காம்பைப் பற்றிக்கொண்டு, உடம்பை வளைத்து, தலைகீழாகத் தொங்கியாவது உட்கார்ந்துதான் குடிக்கும். என் குப்பியில் உட்கார ஒரு குச்சிகூட இல்லை. தென்னை ஈர்க்கு இரண்டைச் சணலால் தட்டைச் சுற்றிக் கட்டினேன். பார்க்க மாட்டுவண்டிச் சக்கரம் மாதிரி ஆனது. இதைப் பிளாஸ்டிக்கிலேயே வார்த்திருந்தால் விற்றவருக்கு ஐந்து ரூபாய் கூடச் செலவாகியிருக்காது.

கலவைக்கு உள்ளே துண்டுச் சீட்டு வைத்திருந்தார்கள். ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரைக்கு நான்கு பங்கு தண்ணீர், கொதிக்கவைத்து ஆற்றி ஊற்றவும், தேன் கலக்க வேண்டாம். சரியான குறிப்பு. ஆனால் அதே பெட்டியில் ஒரு பொட்டலம் சிவப்புப் பொடியும் இருந்தது, தண்ணீருக்கு நிறம் சேர்க்க. தட்டே அவ்வளவு சிவப்பாக இருக்கும்போது தண்ணீருக்கு எதற்குச் சாயம்? பத்து கிராம் உடம்புக்குள் அதைப் போக விடுவானேன்? குப்பையில் போட்டேன்.

ஜனவரி மூன்றாவது வாரம் தொங்கவிட்டேன். முதல் நாள் காலை ஏழு மணிக்கு நிரப்பியது. பத்தரை மணிக்குத் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. ரப்பர் வளையம் சரியாக உட்காரவில்லை என்று கழற்றி மாட்டினேன். மறுநாளும் பத்தரைக்குச் சொட்டியது. மூன்றாம் நாள்தான் புத்தி வந்தது. பழுது எதுவும் இல்லை, பாடப் புத்தகத்தில் இருக்கிற விஷயம். தலைகீழ்ப் பாட்டிலில் தண்ணீர் கீழே கொட்டாமல் நிற்பதற்குக் காரணம், மேலே அடைபட்ட காற்றின் அழுத்தம் வெளிக்காற்றைவிடச் சற்றுக் குறைவாக இருப்பது. வெயில் பட்டு அந்தக் காற்று சூடானால் விரியும், விரிந்தால் தண்ணீரைத் தள்ளும். பாதி நிரம்பிய பாட்டிலில் 225 மில்லி காற்று. 25 டிகிரியில் இருந்து 40 டிகிரிக்குப் போனால் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து விரியும். 11 மில்லி வெளியே. சர்க்கரை வீணாகிறதே என்று 100 மில்லி மட்டும் ஊற்றிப் பார்த்தேன். இன்னும் மோசம். இப்போது உள்ளே காற்று 350 மில்லி, சொட்டுவது 17 மில்லிக்கு மேல். கொஞ்சமாக ஊற்றுகிறவருக்கு அதிகச் சேதம் தருகிற பாத்திரம் வேறு எங்காவது உண்டா?

நிழலில் தொங்கவிடச் சொல்லிச் சீட்டில் இருக்கிறதே என்பீர்கள். நிழலில் படம் எடுக்க முடியாது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

சொட்டிய தண்ணீருக்கு யார் வந்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. முதலில் பிள்ளையார் எறும்பு. அவை கடிக்காது, சும்மா ஓடிக்கொண்டிருக்கும், பொறுத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் கட்டெறும்பு. தரையிலிருந்து சுவர், சுவரிலிருந்து கொக்கி, கொக்கியிலிருந்து கம்பி வழியாக இறங்கி மஞ்சள் பூவுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றன. கம்பியில் விளக்கெண்ணெய் தடவினேன். தூசி படிந்ததும் அதுவே பாலமாகிவிட்டது. பிறகு ஒரு பழைய பாட்டில் மூடியில் துளை போட்டு, கம்பியை அதன் வழியே கோத்து, மெழுகால் அடைத்து, தண்ணீர் ஊற்றி அகழி ஆக்கினேன். எறும்பு நின்றது. இரண்டு நாள் கழித்து அணில் வந்து கம்பியைப் பின்னங்காலால் பிடித்துத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு குடித்தது. அதன் படம் அருமையாக வந்திருக்கிறது. யாருக்காவது அணில் படம் வேண்டுமென்றால் இந்தக் குப்பியைத் தாராளமாக வாங்கலாம்.

எதிர்வீட்டு அண்ணாச்சி மளிகைக் கடை வைத்திருக்கிறார். மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சர், சர்க்கரை விற்கிற விலைக்கு எறும்புக்குச் சீர் செய்கிறீர்களா?" என்று கேட்டார். வீட்டில் சர்க்கரைச் செலவு எனக்கும் தெரிகிறது. முழுதாக நிரப்ப ஒரு தடவைக்கு 80 கிராம். நம் ஊர் வெயிலில் அந்தத் தண்ணீர் ஒரு நாளைக்கு மேல் தாங்காது. மறுநாள் காலை கலங்கி, கள் வாடை அடிக்கும். தினமும் கொட்டி, கழுவி, மாற்றினால் மாதம் இரண்டரைக் கிலோவை நெருங்கும். குடிக்கப்போகிறவர் பத்து கிராம். அவருக்கு 450 மில்லிப் பாத்திரம். அவர் எடையைப் போல 45 மடங்கு.

குடித்தாரா என்றால், இல்லை. நோட்டில் தேதி வாரியாக இருக்கிறது. 31 நாள், நாள்தோறும் காலை ஏழரையிலிருந்து 15 நிமிடம். செம்பருத்திக்கு வந்தது 47 தடவை. இட்லிப்பூவுக்கு 22. வாழைப்பூவுக்கு 19. குப்பிக்குக் குடிக்க வந்தது பூஜ்யம். பேத்தி தன் தரப்பு விளக்கமாக, அது டயட்டில் இருக்கிறது என்றாள். தேன்சிட்டு சர்க்கரைத் தண்ணீரே குடிக்காது என்று நான் சொல்ல வரவில்லை. குடிக்கிற வீடுகளின் படங்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பத்தடி தூரத்தில் ஐந்து செம்பருத்தி தினமும் பூக்கிற கொல்லையில் பிளாஸ்டிக் பூவை அது சீண்டவில்லை. செம்பருத்தியிலும் அது நேர்வழியில் போவதில்லை என்பதை அந்த 31 நாளில்தான் கவனித்தேன். பூவின் வாய் வழியாக அதன் அலகு எட்டாது. இதழ் காம்போடு சேருகிற இடத்தில் வெளியே இருந்து குத்தி, பின்வாசல் வழியாக உறிஞ்சிவிட்டுப் போய்விடுகிறது. மகரந்தம் ஒரு துளியும் மேலே ஒட்டாது. உதிர்ந்த பூவை எடுத்துப் பாருங்கள், அடியில் ஊசி போட்ட மாதிரி ஓட்டை இருக்கும். என் பூக்கள் பாதிக்கு மேல் ஊசி போட்டவை.

விற்றவருக்கு எழுதினேன். இது தேன்சிட்டுக்கு ஏற்றதுதானா, அட்டையில் வேறு பறவை இருக்கிறதே என்று கேட்டேன். 'எல்லா வகைப் பறவைகளுக்கும் ஏற்றது' என்று ஒரு வரிப் பதில். திருப்பி அனுப்ப ஏழு நாள்தான், அது கடந்துவிட்டது. சரி, எல்லா வகையில் மைனாவும் சேர்த்தியா, காகமும் சேர்த்தியா என்று மறுபடி எழுதினேன். பதில் இல்லை.

இந்த இடத்தில் மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன். கொக்கி துருப்பிடிக்காத எஃகு, அழுத்தமானது, பத்துக்கு 10. பாட்டில் கெட்டி, மரை சரியாக ஏறுகிறது, 9. கழுவுவதற்கென்று ஒரு சின்னத் தூரிகை கொடுக்கிறார்கள், பூ ஓட்டைக்குள்ளும் நுழைகிறது, 5. கலவைக் குறிப்புக்கு 7. சாயப் பொடி வைக்காமல் இருந்திருந்தால் 10 கொடுத்திருப்பேன். மொத்தம் 31. பறவை வந்து குடித்ததா என்ற 50 மதிப்பெண் வினாவுக்கு முட்டை. சொட்டாமல் இருந்ததா என்பதற்கும் முட்டை.

இனி, படம். தேன்சிட்டைப் படம் எடுக்க நினைத்து இந்தக் குப்பியைத் தேடி வந்திருப்பவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். 649 ரூபாய் மிஞ்சும்.

கேமரா என் மகன் கைப்பேசிக்கு மாறியபோது விட்டுப்போனது. நொடிக்கு மூன்று படம் எடுக்கும், இன்றைய கேமராக்களுக்கு முன்னால் அது மாட்டுவண்டி. ஆனால் அதோடு வந்த கேனன் 55-250 எஸ்டிஎம் லென்ஸ் தோட்டத்துக்கென்றே செய்த மாதிரி இருக்கிறது. பெரிய பெரிய லென்ஸ்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எட்டத்தில் இருக்கிற பறவைக்கு அவை சரி. கொல்லைப் பறவை நம் மடியில் வந்து உட்காராத குறைதான், அங்கே லென்ஸ் எவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் செய்யும் என்பதுதான் கேள்வி. இது 85 சென்டிமீட்டர் வரை வரும். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து குப்பி 2 மீட்டர் 10 சென்டிமீட்டர், டேப் வைத்து அளந்தது. அந்தத் தூரத்தில், அதிகபட்ச ஜூமான 250 மில்லிமீட்டரில், படத்துக்குள் அடங்குவது சுமார் 19 சென்டிமீட்டர் அகலம். பத்து சென்டிமீட்டர் பறவை அதில் பாதிக்கு மேல் அடைத்துக்கொள்ளும். இதற்குமேல் என்ன வேண்டும்?

வேண்டியது ஒன்று இருந்தது. அத்தனை கிட்டத்தில் கூர்மையாக விழுகிற ஆழம் மிகக் குறைவு. லென்ஸின் துளையை முழுதாகத் திறந்து எஃப் 5.6-இல் வைத்தால் ஒன்றரை சென்டிமீட்டர்தான். பறவை நம்மைப் பார்த்துத் திரும்பினால் அலகு நுனி தெளிவாக இருக்கும், கண் மங்கிவிடும். துளையை எஃப் 8-க்குச் சுருக்கினால் இரண்டு சென்டிமீட்டர் கிடைக்கும். பக்கவாட்டில் இருக்கும்போது மட்டும் அழுத்துவது என்று பழக்கிக்கொண்டேன். ஷட்டர் நொடியில் 2000-இல் ஒரு பங்கைவிட அதிக நேரம் திறந்திருந்தால் தலை அசைவு கோடாகிவிடும். இவ்வளவுக்கும் வெளிச்சம் வேண்டும், அதனால்தான் நிழல் உதவாது என்றேன்.

வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்து வருகிறது என்பது இந்தப் பறவைக்கு மற்றப் பறவைகளைவிட முக்கியம். ஆணின் உச்சந்தலை நீலப்பச்சை, தோளில் ஒரு பச்சைத் திட்டு, பிட்டத்திலும் தொண்டையிலும் ஊதா. எல்லாம் சாயம் இல்லை. இறகின் நுண்ணடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருகிற நிறம், சோப்புக் குமிழியில் தெரிகிறதே அந்த மாதிரி. கோணம் தப்பினால் தலை கன்னங்கரேலென்று இருக்கும். இரண்டு வருடமாக நான் சமையலறை ஜன்னலில் இருந்து கிழக்குப் பார்த்து எடுத்துக்கொண்டிருந்தேன். அத்தனையும் கரித்துண்டுகள். கிழக்குச் சுவரை ஒட்டி ஸ்டூலைப் போட்டு, சூரியனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்த அன்றுதான் அந்தத் தோளில் பச்சை இருப்பதை என் கண்ணாலேயே பார்த்தேன். வெயில் என் வலது தோளுக்கு மேலாகப் போய் அதன் தலையில் விழுந்தது. அது தலையைத் திருப்பியதும் பச்சை அணைந்தது. மறுபடி திரும்பியதும் எரிந்தது. கேமரா மடியில் கிடந்தது.

இன்னொன்று, ஸ்டூலில் தினமும் ஒரே நேரத்துக்கு ஒரே நிறச் சேலையில் உட்கார்ந்தேன். பத்தாவது நாள் பெண் பறவை என் தலைக்கு மூன்றடி மேலே கறிவேப்பிலைக் கிளையில் உட்கார்ந்து இறகு கோதியது. 649 ரூபாயில் ஒரு பைசாவும் இதில் சேராது.

ஆணின் முகம் கிடைத்தது இஸ்திரிக்குத் தண்ணீர் தெளிக்கிற பாட்டிலால். பிப்ரவரி முதல் வாரம், வாழை இலையில் தூசி படிந்திருக்கிறதே என்று அதை எடுத்துப் பீய்ச்சிவிட்டு ஸ்டூலுக்குத் திரும்பினேன். ஐந்து நிமிடம் ஆகவில்லை. ஆண் வந்து இலை நடுநரம்பில் இறங்கி, வயிற்றை ஈரத்தில் அழுத்திக்கொண்டு சறுக்கிக் கீழே போனது. பிறகு பக்கவாட்டில் ஒரு சறுக்கல். பிறகு இறக்கையை விரித்து இலையோடு இலையாக ஒட்டிக்கொண்டு நடுங்கியது. தொட்டித் தண்ணீரில் இது குளித்து நான் பார்த்ததில்லை, இலையில் நிற்கிற பனியில்தான் குளிக்கும் போலிருக்கிறது. நான் தெளித்தது அதற்குப் பனியாகிவிட்டது. குளித்து முடித்து இலை விளிம்பில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒரு முழு நிமிடம் உட்கார்ந்திருந்தது. மாட்டுவண்டிக் கேமராவுக்கும் ஒரு நிமிடம் போதும். அடுத்தடுத்த நாள் அதே நேரத்துக்குத் தெளித்தேன், வந்தது. முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துக் காத்திருக்கலாம் என்று ஜனவரியில் போட்ட கணக்கு வாழை இலையில்தான் விடை கண்டது. தெளிப்பான் 40 ரூபாய். அதற்கு நான் இன்னும் விமர்சனம் எழுதவில்லை.

நடுவில் ஒன்று. வீட்டுக்காரர் ஸ்கூட்டரின் கண்ணாடியில் ஆண் தன் நிழலோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். படம் எடுக்க அதைவிட எளிய இடம் கிடையாது, மணிக்கணக்கில் அங்கேயேதான் இருக்கும். நானும் இரண்டு நாள் எடுத்தேன். மூன்றாம் நாள் அது அலகைத் திறந்து மூச்சு வாங்கியதைக் கேமரா வழியாகப் பார்த்தபின் இரண்டு கண்ணாடிக்கும் மஞ்சள் பையைக் கட்டிவிட்டேன். காலையில் ஸ்கூட்டரை எடுக்கும்போது அவர் பையைக் கழற்ற மறந்துபோய்த் தெருமுனை வரை போய்விட்டு வந்து என்னைத்தான் திட்டுகிறார்.

சரி, சிலந்தி.

பிப்ரவரி நடுவில் எனக்குக் குப்பியின் மேல் வெறுப்பு வந்துவிட்டது. கழுவுவதை நிறுத்தினேன், ஆனால் கழற்றவும் இல்லை. அடித்தட்டில் காய்ந்த சர்க்கரைப் பாகு. அதற்குப் பழ ஈ மொய்த்தது. ஈயைப் பிடிக்க, மிளகளவு உடம்பில் ஒரு சாம்பல் நிறச் சிலந்தி வந்து, கொக்கிக்கும் சிவப்புத் தட்டின் விளிம்புக்கும் நடுவே வலை போட்டது. வீட்டு வேலைக்கு வரும் அம்மா விளக்குமாற்றோடு வந்து, "ஒட்டடை அடித்துவிடவா டீச்சரம்மா?" என்று கேட்டார். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன், சோம்பலில்தான்.

மறுநாள் காலை ஏழு நாற்பதுக்குப் பெண் தேன்சிட்டு நேராகக் குப்பிக்கு வந்தது. முப்பது நாளாக எதிர்பார்த்த காட்சி. பூ ஓட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தரத்தில் நின்றபடி வலையின் ஓரத்தில் அலகை வைத்து, தலையை இடமும் வலமும் இரண்டு தடவை ஆட்டியது, நூல்கண்டில் நூல் சுற்றுகிற மாதிரி. போய்விட்டது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அலகு நுனியில் வெள்ளையாக இழைகள், பஞ்சுமிட்டாய் சுற்றிய குச்சி மாதிரி. மறுபடி வந்தது. 15 நிமிடத்தில் ஒன்பது தடவை. ஒரு தடவை இழையோடு ஒரு ஈயையும் சேர்த்து வாயில் போட்டுக்கொண்டது. இந்தப் பறவை கூட்டைக் கட்டுவதே நாரையும் சருகையும் சிலந்தி நூலால் ஒட்டித்தான். தேன் குடிக்கிற பறவை என்று நாம் பெயர் வைத்திருக்கிறோமே தவிர, குஞ்சுக்கு அது ஊட்டுவது பூச்சியும் சிலந்தியும். 80 கிராம் சர்க்கரை கரைத்து ஊற்றி அழைத்தபோது வராதது, நான் கழுவாமல் விட்டபின் வந்தது.

அன்று எடுத்ததில் ஒரு படம் நன்றாக இருக்கிறது. இறக்கை விரிந்து, இழை வெயிலில் ஒரு கோடாக மின்னுகிறது. ஆனால் அதிலும் குப்பி தன் வேலையைக் காட்டிவிட்டது. சிவப்புத் தட்டில் பட்ட வெயில் திரும்பி, பெண்ணின் வெளுத்த தொண்டை ரோஜா நிறமாகவும் மஞ்சள் வயிறு பழுத்த பப்பாளி நிறமாகவும் விழுந்திருக்கிறது. கணினியில் எவ்வளவு திருத்தினாலும் போகவில்லை. வாங்கியே தீருவேன் என்பவர்கள் சிவப்பில்லாததாகப் பார்த்து வாங்குங்கள்.

கூடு முன்வாசல் விளக்கின் ஒயரில் தொங்குகிறது. பை மாதிரி உடம்பு, பக்கவாட்டில் வாசல், வாசலுக்கு மேலே சின்னதாக ஒரு தாழ்வாரம். வெளியே மரப்பட்டைத் துணுக்கு, உலர்ந்த பூ, எங்கள் வீட்டுத் துண்டின் நூல் ஒன்று. படம் எடுக்கவில்லை. பறவைப் படப் போட்டிகள் பலவற்றில் கூட்டுப் படத்தை இப்போது ஏற்பதில்லை. ஏற்றாலும் எடுத்திருக்க மாட்டேன். நான் கேமராவோடு அங்கே அடிக்கடி போய் நின்றால் மின்கம்பத்தில் உட்கார்ந்திருக்கிற காகம் எதைப் பார்க்கிறேன் என்று பார்க்கும். செண்பகப் பறவை வேறு இந்தத் தெருவில் ஒரு ஜோடி இருக்கிறது. முன்வாசல் விளக்கைப் போடாமல் இருக்கிறோம். பால்காரரைக் கொல்லை வழியாக வரச் சொல்லியிருக்கிறேன்.

கொல்லை வழியாக வருகிறவர் குப்பியில் தலையை இடித்துக்கொள்கிறார். கழற்றிவிட்டால் என்ன என்று வீட்டில் எல்லோரும் கேட்கிறார்கள். சிலந்தி நேற்று இரவு வலையின் கிழிந்த பக்கத்தைத் திரும்பப் பின்னியிருக்கிறது. காலையில் பெண் பறவை வந்துவிட்டுப் போனது.